பூங்கா இடத்தைக் காக்க டிரஸ்ட் தொடங்கலாமா?

கேள்வி: எங்கள் நகர் 1998-இல் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய 22 சென்ட் இடத்தில் வேம்பும் புங்கனும் வளர்ந்து நிற்கின்றன. மனை விற்றவரின் வாரிசுகள் இப்போது அதை விற்கப் பார்க்கிறார்கள். டிரஸ்ட் ஒன்று தொடங்கி, பணம் திரட்டி நாங்களே வாங்கிவிடலாமா? – கோவை வாசகர்

பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1891-லேயே இப்படி ஓர் அறக்கட்டளை தொடங்கி நிலங்களைக் காத்து வருகிறார்கள். அவை தனியாரிடமிருந்து தானமாகவோ விலைக்கோ வந்தவை. உங்கள் இடம் அப்படியல்ல. மனை வாங்கியபோதே அந்தப் பூங்காவுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்தீர்கள். இன்று வாரிசுகளிடம் பணம் கொடுத்தால், அது அவர்கள் சொத்துதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

முதலில், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று (அந்த இடத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) போடுங்கள். 1998-இலிருந்து அல்ல, ஓரிரு வருடம் முன்னாலிருந்து போடுங்கள். ஏனென்றால் பூங்காவையும் சாலைகளையும் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்கும் தானப் பத்திரம் பெரும்பாலும் இறுதி அங்கீகாரத்துக்கு முன்பே பதிவாகியிருக்கும்.

சிக்கல் வருவது பட்டாவில்தான். தானப் பத்திரம் பதிவாகியிருக்கும், ஆனால் பட்டாவை உள்ளாட்சியின் பெயருக்கு மாற்றாமல் விட்டிருப்பார்கள். இருபது வருடம் கழித்து வாரிசுகள் அதே பழைய பட்டாவோடு வருகிறார்கள். பட்டா மட்டுமே உரிமையைத் தந்துவிடாது. தானப் பத்திர நகலை இணைத்து, பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றும்படி உள்ளாட்சிக்கு மனு கொடுங்கள். அதே நாளில் சார்பதிவாளருக்கும் ஆட்சேபணை எழுதிக் கொடுங்கள். உள்ளாட்சி நிலத்தை உரிய அனுமதியில்லாமல் விற்கும் பத்திரத்தைப் பதிய மறுக்க, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அவருக்கு இடம் தருகிறது.

தானப் பத்திரமே இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். வரைபடத்தில் பூங்கா என்று ஒதுக்கியது ஒதுக்கியதுதான். வழக்கறிஞரைப் பார்த்து உயர் நீதிமன்றம் போங்கள். பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது வழக்குப் போட்டவர்கள் அந்தப் பகுதிவாசிகள்தான். மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

மரங்களுக்கு இன்றே ஒரு பதிவேடு போடுங்கள். ஒவ்வொரு மரத்தின் பெயர், நெஞ்சு உயரத்தில் (1.37 மீட்டர்) அதன் சுற்றளவு, தேதியோடு ஒரு படம், அவ்வளவு போதும். பொது நிலத்து மரங்களை வெட்டுவதற்கு மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆட்சியர் தலைமையிலான குழு அது. யாராவது ரம்பத்தோடு வந்து நின்றால் இந்தப் பதிவேடுதான் உங்கள் சாட்சி.

சரி, டிரஸ்ட் வேண்டவே வேண்டாமா? பராமரிப்புக்கு வேண்டும். ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கமாகவும் பதியலாம், எனக்கு அதுவே எளிதாகப் படுகிறது. பராமரிக்கும் அனுமதியை உள்ளாட்சியிடம் எழுத்தில் வாங்குங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: கேட்டுக்குப் பூட்டுப் போட்டு, உங்கள் நகர்க்காரர்களுக்கு மட்டும் என்று பலகை வைக்காதீர்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வந்து விளையாடும் இடமாக இருந்தால்தான் அதைப் பொது இடம் என்று வாதாட முடியும்.