மேனேஜ்மென்ட் சீட்டுக்காக வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள்

ராணிப்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். வேதியியலில் நல்ல மதிப்பெண். "சிப்காட் பக்கம் கிணத்துத் தண்ணி ஏன் மஞ்சளா இருக்கு, அதைச் சரிபண்ற படிப்பு எது?" என்று கேட்கிறாள். உங்கள் கொழுந்தனாரோ, பத்திரத்தை அடமானம் வைத்தாவது கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கச் சொல்கிறார். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் ஆறுதலைவிட இதுதான் முக்கியம்: பத்திரத்தை வைக்காதீர்கள். அவள் கேட்காத படிப்புக்கு, அவள் தலையில் ஏறும் கடன் அது.

அவள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது. மஞ்சள் நிறத்துக்குக் காரணம் ஹெக்சாவேலன்ட் குரோமியம், அதாவது குரோமியம் உலோகத்தின் நச்சு மிகுந்த வடிவம். 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சக்கணக்கான டன் உங்கள் ஊரிலேயே குவிந்து கிடந்தது. தோல் பதனிடும் கூடங்களில் பயன்படுவது அதன் இன்னொரு வடிவமான டிரைவேலன்ட் குரோமியம். இதன் நச்சு குறைவு. முலாம் பூசும் பட்டறைகளில் வருவதோ பெரும்பாலும் ஹெக்சாவேலன்ட். இந்த இரண்டையும் பிரித்தறிந்து சுத்திகரிக்கத் தெரிந்தவர்தான் ஆலையின் ஈ.டி.பி.க்கு, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தேவை.

வேலை இப்படி நடக்கும். ஹெக்சாவேலன்ட்டை டிரைவேலன்ட்டாக மாற்ற, தண்ணீரில் அமிலம் சேர்த்து பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறைந்தால் அமிலம் அதிகம்) 2 முதல் 3 வரை இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட்டோ பெரஸ் சல்பேட்டோ போடுவார்கள். ஒரு கிராம் ஹெக்சாவேலன்ட் குரோமியத்துக்குக் கணக்குப்படி மெட்டாபைசல்பைட் 2.7 கிராம், பெரஸ் சல்பேட் 16 கிராம். நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகவே போடவேண்டும். பெரஸ் சல்பேட் மலிவு, ஆனால் இரும்பும் சேர்ந்து படிவதால் ஸ்லட்ஜ், அதாவது அடியில் படியும் கசடு, பல மடங்கு கூடும். மெட்டாபைசல்பைட்டில் ஸ்லட்ஜ் குறைவு, ஆனால் அமிலத்தில் கந்தக டை ஆக்சைடு கிளம்பும்; எக்ஸாஸ்ட் ஓடாத அறையில் அந்த டிரம்மைத் திறக்கவே கூடாது. மஞ்சள் பச்சையாக மாறியதும் சுண்ணாம்பு விட்டு பி.எச். 8.5 அளவுக்கு ஏற்றி, படிந்ததை ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிய வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் இங்கேதான். அவசரத்தில் சுண்ணாம்பை அதிகம் கொட்டி பி.எச். 10 தாண்டினால், படிந்த குரோமியம் மறுபடி கரையத் தொடங்கும். நிறம் மாறியதை மட்டும் நம்பினால் மிச்சம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. டைபினைல்கார்பசைடு என்ற சோதனை ரசாயனத்தை விட்டுப் பார்த்தால்தான் செந்நீலமாகக் காட்டிக்கொடுக்கும். ஆறு, ஏரியில் விடும் நீருக்கு வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். பழைய கழிவுக் குவியல் இன்னும் கடினம்: சுண்ணாம்பு மிகுந்த அந்த மண்ணில் பெரஸ் சல்பேட்டைக் கலந்தால் மருந்து மேற்பரப்பிலேயே படிந்துவிடும், உள்ளே இருக்கும் குரோமியம் பல வருடங்கள் கசியும். அதனால்தான் எத்தனையோ ஊர்களில் "சுத்திகரித்தோம்" என்ற பிறகும் மழைக்காலத்தில் மஞ்சள் வருகிறது. பள்ளி ஆய்வகத்தில் டைட்ரேஷனைப் பொறுமையாகச் செய்யும் பெண்ணுக்கு இந்த வேலை பொருந்தும்.

படிப்புக்கு வழி: அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். இல்லையென்றால் அரசு பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமோ. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை உண்டா, எத்தனை இடம் என்று அந்தந்தக் கல்லூரியில் நேரில் கேளுங்கள். டிப்ளமோ முடித்து வேலை பார்த்தபின் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், அப்போது செலவைப் பெருமளவு அவளே பார்த்துக்கொள்வாள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். பொறியியல் போக விரும்பினால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் கட்டணத்தை அரசே ஏற்கும். இது கொழுந்தனாருக்கும் தெரியட்டும்.

ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யை விடக் குறைவுதான், மறைக்க விரும்பவில்லை. ஷிப்ட் வேலையும் உண்டு. சேரும் இடத்தில் கையுறை, பூட்ஸ், முகமூடி தராத முதலாளியிடம் ஒரு நாளும் வேலை செய்யக் கூடாது. இதை நீங்களும் அவளிடம் சொல்லி வையுங்கள்.

முடிவெடுக்கும் முன் அவளை ஏதாவது ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு முறையாக அனுமதி வாங்கி அழைத்துப் போங்கள். நாற்றத்தையும் இரைச்சலையும் பார்த்த பிறகும் பிடிக்கிறது என்றால் விண்ணப்பம் போடுங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு வழி பேசலாம், ஆனால் அப்போதும் பத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும்.