காஷ்மீர் வரை தாராளமாகப் போகலாம், சீட்டை மட்டும் கழற்றாதீர்கள்

கேள்வி: கருங்கல் பக்கம் எங்கள் ஊர். குவைத் வேலையை விட்டு வந்துவிட்டேன். பழைய 12 சீட் டிராவலர் வேன் ஒன்று வாங்கியிருக்கிறேன், சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டுதான். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்படி, டாய்லெட் வைத்து, காட்டு மிருகங்களையும் பார்த்துக்கொண்டு குடும்பத்தோடு காஷ்மீர் வரை இரண்டு மாதம் போய்வர ஆசை. பாடி கட்டுகிறவர் மூன்று லட்சம் கேட்கிறார். ஆர்.சி. புக் விஷயத்தை நாற்பதாயிரத்தில் "பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் ஒரு புரோக்கர். வழியில் பிடிப்பார்களா? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: முதலில் அந்தப் புரோக்கரிடம், "பார்த்துக்கொள்கிறேன் என்றால் என்ன?" என்று கேளுங்கள். வண்டி என்ன வகை, எத்தனை சீட் என்பதை ஆர்.சி.யில் சட்டப்படி மாற்றி உங்கள் கையில் தருவாரா, இல்லை, சேலம் பக்கம் யாராவது நிறுத்தினால் போனில் பேசுவாரா? எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார். நாகர்கோவிலில் இருந்துகொண்டு முப்பது வருடமாக இன்சூரன்ஸ் சர்வேயராக அடிபட்ட வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன், எழுதித் தந்த புரோக்கரை இன்னும் பார்க்கவில்லை.

வழியில் பிடிப்பார்களா என்பது சின்னக் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவுப்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. பெரிய கேள்வி இன்சூரன்ஸ்தான்.

சில வருடத்துக்கு முன்னால் வள்ளியூர் தாண்டி ஒரு வேன் எரிந்த இடத்துக்குப் போனேன். இன்வெர்ட்டர் ஒயரிங்கில் பிடித்த தீ. ஆர்.சி.யில் சீட் 13, உள்ளே எண்ணினால் 5. மீதி இடத்தில் பூப்போட்ட மைக்கா ஒட்டிய பிளைவுட் கட்டில், பாதி கரிந்து, இன்னும் பெயிண்ட் வாடை அடித்துக்கொண்டிருந்தது. புரோக்கர் கொடுத்த ரசீது என்று தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தை உரிமையாளர் எடுத்து நீட்டினார். பார்த்ததை எழுதினேன், கம்பெனி பத்து பைசா தரவில்லை. கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவில் என்னைக் கண்டால் அவர் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உங்கள் வண்டி வேறு யார் மேலாவது மோதினால் அவர்களுக்குக் கோர்ட் சொல்கிற தொகையைக் கம்பெனி கொடுத்துவிட்டு, பிறகு உங்களிடம் வசூலிக்க வழக்குப் போடலாம். உங்கள் வண்டிச் சேதம் உங்கள் தலையில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் ஆகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது. 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அடித்துச் சொல்லிவிட்டது. மோட்டார் கேரவன் என்றே ஒரு வகை இருக்கிறது, அதற்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரமும் இருக்கிறது. அந்தத் தரத்துக்குச் சோதனை செய்து சான்று வாங்கி விற்கிற வண்டியை அப்படியே பதிவு செய்யலாம். ஒற்றை ஆளாக ஒரு பழைய வேனைக் கொண்டுபோய் இதே சான்று வாங்குவது நடக்கிற காரியமா? ஒரு ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுண்டரில் கேட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் பட்டியலில் கேரவன் இருக்கிறது, உட்கார்ந்திருந்தவர் "சினிமாக்காரங்க வண்டியா சார்?" என்கிறார். பட்டியலில் போட்ட புண்ணியவான்கள் அதை எப்படிச் செய்வது என்று கீழே ஒரு வரி சொல்லிக்கொடுத்தால் என்ன? புரோக்கர் பிழைப்பே இந்த இடைவெளியில்தான் ஓடுகிறது.

சரி, உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது, அதை நிதானமாகச் சொல்கிறேன். சாமான் வேறு, வண்டியின் உறுப்பு வேறு. சீட்டுக்கு மேல் விரிக்கிற மடக்கு மெத்தை சாமான். ஐஸ் பெட்டி, தண்ணீர் கேன், கையில் தூக்குகிற பேட்டரிப் பெட்டி, பக்கவாட்டில் கட்டி அவிழ்க்கிற தார்ப்பாய், சின்னக் கூடாரம், தூக்கி வைக்கிற டாய்லெட், எல்லாமே சாமான். இரண்டு சீட்டுக்கு நடுவே பலகை வைத்து ராத்திரி கட்டிலாக்கி, விடிந்ததும் எடுத்து ஓரமாகச் சாத்தினால் அந்தப் பலகையும் சாமான்தான். அதே பலகையை போல்ட் போட்டுத் தரையில் முறுக்கினீர்களோ, அது வண்டியோடு சேர்ந்துவிட்டது. பாடியில் ஓட்டை விழுந்ததா, ஆர்.சி.யில் உள்ள சீட் எண்ணிக்கை குறைந்ததா, இந்த இரண்டுதான் நான் பார்ப்பேன். ஏசி, ஃபிரிட்ஜ் மாதிரி நிலையாகப் பொருத்துகிற மின்சாதனம் ஏதாவது இருந்தால் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, ஐஎம்டி 24 என்கிற சேர்க்கையை பாலிசியில் போடச் சொல்லுங்கள், அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். ஏஜென்ட் "அதெல்லாம் தேவையில்லை" என்பார். அவர் வந்து உங்களுக்கு க்ளெய்ம் கட்டப்போவதில்லை.

கேஸ் சிலிண்டர் வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரை ஸ்டேஷனில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டி எரிந்து 9 பேர் போனார்களே, நம் நாகர்கோவில் ஜங்ஷனில் வண்டியோடு கோர்த்து அனுப்பிய பெட்டிதான் அது. உள்ளே ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டர். இண்டக்‌ஷன் அடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், தங்குகிற இடத்தில் கரண்ட் வாங்கிச் சமைக்கலாம்.

ராத்திரித் தங்கலுக்கு வெளிநாடு மாதிரி வரிசையாக முகாம் மைதானம் கிடையாது. பெட்ரோல் பங்க், பெரிய தாபா, லாட்ஜ் வளாகம், கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். காட்டுக்குள் மட்டும் ஆசைப்படாதீர்கள். முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூர் போகிற ரோடு இரவு 9 முதல் காலை 6 வரை அடைப்பு. நீங்கள் என்எச்-44ஐப் பிடித்தே போவதானால் நாக்பூர் தாண்டி சிவனி போகிற வழியில் பெஞ்ச் புலிகள் காடு வரும். அங்கே மிருகங்கள் கடக்க ரோட்டுக்குக் கீழே 9 இடத்தில் வழி விட்டிருக்கிறார்கள். புலி கீழே போகும், நீங்கள் மேலே போவீர்கள், நின்று எட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம். பார்த்தே ஆகவேண்டுமென்றால் வனத்துறை சஃபாரி ஜீப்பில் போங்கள்.

பாடி கட்டுகிறவருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் போனது போகட்டும், மீதியைக் கொடுக்காதீர்கள். சாமானெல்லாம் ஏற்றியதும் ஆனி ஆடிக் காற்றில் ஒரு நாள் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக, முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டிக் காவல்கிணறு வரை ஓட்டிப் பாருங்கள். உயரமான வேன், மேலே கேரியரில் வேறு பாரம், பக்கக் காற்று எப்படித் தள்ளுகிறது என்று ஸ்டீயரிங்கிலேயே தெரியும். வீட்டுக்காரியையும் கூட்டிப் போங்கள், கேரியரில் எதை இறக்க வேண்டும் என்று திரும்பி வரும்போது அவர்களே சொல்லிவிடுவார்கள்.