மிரளும் குதிரையும் பன்னிரண்டு அடி கயிறும்: கேள்வி பதில்

பதினேழு வருடமாகக் குதிரைகளோடு இருக்கிறேன். முதல் நாலு வருடம் பந்தய லாயத்தில் வேலை. அதன் பிறகு பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட தாரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகளையும், விலைக்கு வாங்கிவிட்டுச் சமாளிக்க முடியாமல் விட்ட மார்வாரி என்ற ராஜஸ்தான் இனக் குதிரைகளையும் பழக்கித் தருகிறேன். கால்நடை மருத்துவர் அல்ல. தரைப்பயிற்சி, அதாவது மேலே ஏறாமல் கீழே நின்று கயிற்றில் பழக்குவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, பந்தயத்தில் ஓடிய ஆறு வயதுப் பெட்டைக்குதிரை வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. லாயத்தை விட்டு வெளியே வந்தாலே நிற்காது. பைக் சத்தம் கேட்டால் ஆளை இடித்துக்கொண்டு பாய்கிறது. "ஓடவிட்டுக் களைப்பாக்கு, அடங்கும்" என்றார் சைஸ் (குதிரையைப் பராமரிப்பவர்). தினமும் 40 நிமிடம் நீளக் கயிற்றில் வட்டம் ஓட்டுகிறேன். முன்னைவிட மோசமாகிவிட்டது. (உடுமலை)

தம்பி, ஓடுவதற்காகவே தலைமுறை தலைமுறையாக இனம் சேர்த்து உருவாக்கிய குதிரைக்கு தினமும் 40 நிமிடம் ஓட்டப் பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள். முதல் வாரம் களைத்திருக்கும். இப்போது மூச்சும் தசையும் ஏறியிருக்கும். இன்னும் ஒரு மாதம் போனால் ஒரு மணி நேரம் தேவைப்படும். நானும் இதையேதான் செய்தேன், அதுவும் ஒரு முழுக் கோடை. சின்ன வட்டத்தில் தினமும் சுற்றுவது கால் மூட்டுகளுக்கும் கேடு.

இரண்டு வாரம் ஓட்டுவதை அடியோடு நிறுத்துங்கள். பகலில் எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் வேலிக்குள் அவிழ்த்து விடுங்கள். பந்தயக் குதிரை நாளில் பெரும்பகுதியை நாலு சுவருக்குள் நின்றே கழித்திருக்கும். வெளியே வந்தால் ஓட வேண்டும், அது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை.

அப்புறம் தொடங்குங்கள். 12 அடிக் கயிறு, சரியாகப் பொருந்தும் ஹால்டர் (வாயில் இரும்பு இல்லாத தலைப்பட்டை), அதற்குப் பழகிய இடம். கடிவாளம் வேண்டாம். முதல் பாடம் ஒரு அடி பின்னால் போவது. தோளுக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில் நின்று கயிற்றை லேசாகப் பின்னோக்கி அழுத்துங்கள். கால் எடுத்து வைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உடம்பின் கனம் பின்னால் சாய்ந்த அந்த நொடியே கையைத் தளர்த்திவிடுங்கள். பத்து எண்ணும் வரை சும்மா நில்லுங்கள். மறுபடி ஒருமுறை.

எல்லாப் பாடத்துக்கும் இதுதான் அடிப்படை. அழுத்தம் எந்த நொடியில் நின்றதோ, அந்த நொடியில் தான் செய்ததைத்தான் குதிரை கற்றுக்கொள்கிறது. நீங்கள் அழுத்தும்போது அது தலையைத் தூக்கிச் சுழற்றி, நீங்கள் பயந்து கையை விட்டால், தலையைச் சுழற்றினால் விட்டுவிடுவார்கள் என்று பாடம் எடுத்துவிட்டீர்கள். மிரளும் குதிரைகள் என்று என்னிடம் வருபவற்றில் பல இப்படித் தெரியாமல் பாடம் எடுக்கப்பட்டவை.

இரண்டாவது, பின்பகுதியை விலக்குவது. தோள் அருகே நின்று இடுப்பைப் பாருங்கள். கயிற்றின் வால்நுனியை அந்தப் பக்கம் மெதுவாகச் சுழற்றுங்கள். உங்கள் பக்கம் உள்ள பின்னங்கால், மறு பின்னங்காலுக்கு முன்னால் குறுக்கே போக வேண்டும். போனதும் நிறுத்துங்கள். பாய்வதற்கான தள்ளுவிசை பின்னங்கால்களில் இருந்துதான் வருகிறது. கால் குறுக்கே போகும்போது அந்த விசை உடைந்துவிடும். பைக் வந்து அது பாயத் தொடங்கும்போது கயிற்றை இறுக்கி இழுத்தால் தோற்பீர்கள், 450 கிலோவை யாரும் இழுத்து நிறுத்த முடியாது. அதற்குப் பதிலாக, முன்பே தெரிந்த இந்த வேலையைக் கேளுங்கள். இரண்டு சுற்று திரும்பி நின்றுவிடும். முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பயத்தின் நடுவில் புதுப்பாடம் ஏறாது.

ஒரு நாளைக்கு 10, 15 நிமிடம் போதும். நன்றாகச் செய்யும்போதே முடித்துவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்ற ஆசைதான் நம் எதிரி.

உதட்டை நக்கி வாயை மென்றால் "சரி, ஒப்புக்கொள்கிறேன்" என்று அர்த்தமாமே?

அப்படித்தான் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பயந்தால் வாய் உலரும், பயம் இறங்கும்போது எச்சில் ஊறும், அதனால் நக்கும், மெல்லும். நமக்கும் நேர்காணல் அறைக்கு வெளியே நா வறளவில்லையா? ஆக, மெல்லுகிறது என்றால் சற்று முன் அது பதற்றத்தில் இருந்தது என்று பொருள். எப்போதாவது வந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு தடவையும் வந்தால் நீங்கள் அதிகமாகக் கேட்கிறீர்கள்.

நான் பார்ப்பது முகவாய்க்கட்டையை. அது கல்லாக இறுகியிருந்தால் மற்றதெல்லாம் நடிப்பு. கண் இமைக்காமல் இருப்பது, வாலை ஒட்ட வைத்திருப்பது, கழுத்து உயர்வது, இவையும் உண்டு. ஸ்டெதாஸ்கோப் இருந்தால் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்துக் கேளுங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. அமைதியாக நிற்பதுபோல் தெரிகிற குதிரைக்கு 70 அடித்துக்கொண்டிருப்பதைக் கேட்டிருக்கிறேன்.

மார்வாரி ஆண்குதிரை. பிளாஸ்டிக் பை, குடை இரண்டுக்கும் அலறுகிறது. கம்பத்தில் கட்டிச் சுற்றிலும் பைகளைத் தொங்கவிட்டால் ஒரே நாளில் தெளியும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அடித்தால்தான் அடங்கும் என்பது அப்பாவின் கட்சி. (அந்தியூர்)

இரண்டுமே வேண்டாம். கட்டிப்போட்டுப் பயமுறுத்தினால் கயிறு அறுகலாம், கழுத்து எலும்பு போகலாம். எதுவும் ஆகாமல் போனால் ஒரு கட்டத்தில் அசையாமல் நிற்கும். தெளிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். தப்ப வழியில்லை என்று தன்னை விட்டுவிட்ட நிலை அது. அந்தக் குதிரை ஆறு மாதம் கழித்து முன்னறிவிப்பே இல்லாமல் வெடிக்கும்.

அடிப்பது பற்றி அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். கிரேக்கத்தில் ஜெனபோன் என்ற படைத்தலைவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்: பயந்த பொருளிடம் குதிரையை அடித்து ஓட்டினால், வலிக்கும் அந்தப் பொருள்தான் காரணம் என்று எண்ணி இன்னும் பயப்படும். போர்க்குதிரை வைத்திருந்த ஆள் சொன்னது, நம்மைப்போல் பொழுதுபோக்குக்காரர் அல்ல.

நான் செய்வது இது. ஒருவர் பையைப் பிடித்துக்கொண்டு முன்னால், விலகிப் போகட்டும். நீங்கள் குதிரையோடு 30, 40 அடி பின்னால் நடந்து போங்கள். தன்னை விட்டு ஓடும் பொருளைக் கண்டு குதிரைக்குப் பயம் குறைவு, வேடிக்கை பார்க்கும் ஆசை அதிகம். மெல்ல நெருங்கும். காதைத் தூக்கி நின்றுவிட்டால் நீங்களும் நில்லுங்கள். அது பார்த்து முடித்து மூச்சு விட்டதும், பையோடு இருப்பவர் இன்னும் நாலு அடி தள்ளிப் போகட்டும். பார்த்தால் பொருள் விலகும் என்று அதற்குப் புரிய வேண்டும். நாலைந்து நாளில் மூக்கை நீட்டி மோந்து பார்க்க வரும். நீங்களாகப் பையை மூக்கில் கொண்டுபோய்த் தேய்க்காதீர்கள்.

இடப்பக்கம் பழகியதும் வலப்பக்கமும் முதலிலிருந்து செய்யுங்கள். குதிரைக்குக் கண் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை சுற்றிப் பார்க்கும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. நாம் எப்போதும் இடப்பக்கமே நின்று பிடிப்பதால் வலப்பக்கம் அதற்குப் புது ஊர்.

நெற்றிச் சுழி சரியில்லாத குதிரை மிரளும் என்கிறார்களே?

சுழி சந்தையில் விலையைக் கூட்டும், குறைக்கும். அதைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இராசியில்லாத சுழி என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்ட ஒன்று இப்போது என் அண்ணன் பேத்தியைச் சுமக்கிறது.

ஐயா, எட்டு வருடமாகச் சாதுவாக இருந்த குதிரை. ஒரு மாதமாக வலப்பக்கம் எது வந்தாலும் துள்ளுகிறது. இடப்பக்கம் ஒன்றுமில்லை. வயல் நடுவில்தான் லாயம். தரைப்பயிற்சி தொடங்கலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம், முதலில் வலக்கண்ணைக் காட்டுங்கள். இன்றே. திடீரென்று, ஒரே பக்கம், அதுவும் வயல் பகுதி என்றால் எனக்கு முதலில் கண்புழு நினைவுக்கு வரும். மாட்டின் உடம்பில் வாழும் ஒரு வகை உருண்டைப்புழுவின் குஞ்சைக் கொசு குதிரைக்குக் கடத்திவிடும். அது வழி தவறிக் கண்ணுக்குள் வந்தால், வெள்ளை நூல்போல நெளிவதை டார்ச் அடித்தாலே பார்க்கலாம். நாளானால் கண் நீலம் பாரித்து மங்கும். மருத்துவர் சின்ன அறுவை செய்து எடுத்துவிடுவார். அருகில் யாரும் இல்லையென்றால் நாமக்கல் அல்லது சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போங்கள்.

புழு இல்லாமல் வேறு கண்நோயாகவும் இருக்கலாம். எப்படியும் பார்வை மங்கிய குதிரையைப் பயந்தாங்கொள்ளி என்று பழக்குவது பாவம். குணம் திடீரென்று மாறினால் கண், பல், முதுகு, குளம்பு, இந்த நாலையும் பார்த்த பிறகுதான் கயிற்றைத் தொட வேண்டும். மற்ற எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கொள்ளு வைத்தால் சூடேறித் துள்ளுமா? காலை 3 கிலோ, மாலை 3 கிலோ, நடுவில் கொஞ்சம் புல்.

கொள்ளின் மேல் பழி போட மாட்டேன். எனக்கு உறுத்துவது அந்த "கொஞ்சம் புல்". குதிரையின் வயிற்றில் அமிலம் இருபத்து நாலு மணி நேரமும் சுரக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். எச்சில் மெல்லும்போது மட்டும்தான் வரும். காலி வயிற்றோடு ஓடினால் அமிலம் மேலே தெறித்துப் புண்ணாக்கும். பந்தயக் குதிரைகளிடம் இது ரொம்பச் சாதாரணம். சேணப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வருவது, விலாவைத் தொட்டால் சிலிர்ப்பது, காரணமில்லாமல் பதறுவது, இவற்றுக்குப் பின்னால் வயிற்றுப்புண் இருக்கலாம்.

உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்ந்த தீவனம் வேண்டும். 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த புல். பச்சைப்புல் என்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் பல மடங்கு கூடப் போட வேண்டும். வாயில் புல் இல்லாத இடைவெளி ஐந்தாறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பயிற்சிக்கு அரைமணி முன் இரண்டு கைப்பிடி குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப்பயிர்) கொடுங்கள். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து அமிலத்தைத் தணிக்கும். பெயரே குதிரை மசால், நாம்தான் மாட்டுக்கு மட்டும் போடுகிறோம். தானியத்தை ஒரே நாளில் குறைக்காதீர்கள், வயிற்றுவலி வந்துவிடும். இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் குதிரைதான். துணையில்லாமல் பதறுமா?

பதறும். படுத்துத் தூங்கவே தயங்கும். இன்னொரு குதிரை முடியாதென்றால் ஒரு ஆடு கட்டுங்கள். சிரிக்காதீர்கள், பந்தய லாயங்களிலேயே ஆடு வைப்பது உண்டு.

அண்ணா, தலையைத் தொடவே விடாது. முன்பு வைத்திருந்தவர் காதை முறுக்கிப் பிடித்துத்தான் கடிவாளம் போடுவாராம். நான் ஐந்தடி உயரம், எட்டவே இல்லை. (கோவை)

காதில் தொடங்காதீர்கள் அம்மா. பிடரி முடியும் இடத்தில், தோளின் மேட்டில் விரல்நகத்தால் அழுத்திச் சொறிந்து விடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று கடித்துக்கொடுத்துக் கொஞ்சும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு இறங்குவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மேலுதடு நீண்டு கோணும், அதுதான் அடையாளம். அங்கிருந்து கழுத்து வழியாக ஒரு சாண் முன்னேறி, அது தலையைத் தூக்குவதற்கு முன்பே கையை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்துவிடுங்கள். தூக்கிய பிறகு எடுத்தால் முதல் கேள்வியில் சொன்ன தப்பு.

உயரத்துக்கு வழி உண்டு. உச்சந்தலையில் ஹால்டர் பட்டை லேசாக அழுந்தும்படி கயிற்றைக் கீழே பிடித்து, தலை ஒரு அங்குலம் இறங்கினாலும் விடுங்கள். சில நாளில் விரல் வைத்தாலே தலையை உங்கள் மார்பு உயரத்துக்குக் கொண்டுவரும். முறுக்கப்பட்ட காது மட்டும் மாதக்கணக்கில் எடுக்கும். அதுவரை காதுப்பக்கம் பக்கிளால் கழற்றிப் பூட்டும் பட்டை போடுங்கள்.

மூன்று வாரத்தில் எங்கள் ஊர்த் திருவிழா. ஊர்வலத்தில் குதிரை வர வேண்டும். மேளத்துக்கும் வெடிக்கும் பழக்கிவிட முடியுமா?

முடியாது. ஏற்கனவே மிரளும் குதிரை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மேளத்தைப் பல மாதங்களில் பழக்கலாம்: தூரத்தில் மெல்ல ஒலிக்கும்போது தீவனம் வைத்து, நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்க வேண்டும். வெடி உங்கள் கையில் இல்லை. யாரோ ஒரு பையன் காலடியில் சரத்தைப் போடுவான். தெரு முழுக்கக் குழந்தைகள் இருப்பார்கள். இந்த வருடம் வாடகைக்குப் பழகிய குதிரையைக் கொண்டு வாருங்கள். ஊரில் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

கயிறு நழுவாமல் இருக்கக் கையில் சுற்றிக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. மடித்து, மடிப்பின் மேல் பிடியுங்கள். என் இடக்கை மோதிரவிரல் இன்றுவரை முழுதாக மடங்காது, காரணம் அதுதான். தோல் கையுறை, மூடிய செருப்பு, தலைக்கவசம். கீழே நின்றாலும் தலைக்கவசம்.

டாடா ஏஸ் வண்டியில் ஏற மறுக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து தள்ளுகிறோம்.

ஐந்து பேரையும் டீ குடிக்க அனுப்பிவிடுங்கள். முதலில் வண்டியே வேண்டாம். தரையில் ஒரு பலகையைப் போட்டு, ஒரு கால் வைத்ததும் அழுத்தத்தை விட்டு, பின்னால் இறக்கி, மறுபடி. பின்னால் இறங்கத் தெரியாத குதிரை மேலே ஏறப் பயப்படும். வெயிலிலிருந்து நிழலுக்குப் போனால் குதிரையின் கண் பழக நம்மைவிட நேரமாகும், உள்ளே அதற்கு இருட்டுக் குகை. தார்ப்பாயைக் கழற்றி வெளிச்சம் விடுங்கள். சாய்வுப் பலகை ஆடாமல் முட்டுக் கொடுங்கள். முதல் நாள் ஏறி, உள்ளே இரண்டு வாய் புல் தின்று, இறங்கட்டும். கதவைச் சாத்துவதை நாலாவது நாள் பார்க்கலாம், வண்டியைக் கிளப்புவது அதற்கும் அப்புறம்.