ஈடிபஸும் கிழவரும்: ஆளுக்கு ஒரு வரி

வணக்கம் சார்,
'ஈடிபஸ்'ங்கிற பழைய கிரேக்க நாடகத்தை இங்கிலீஷ்ல படிச்சு முடிச்சேன். அந்த ஆடு மேய்க்கிற கிழவரை நிக்க வெச்சு ராஜா ஈடிபஸ் விசாரிக்கிற சீன்ல, ஆளுக்கு ஒரு வரியா மாத்தி மாத்திப் பேசிட்டே போறாங்க. நிஜத்துல யாரு சார் இப்படிப் பேசுவா? எனக்கு ஒட்டவே இல்ல.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,
யாரும் பேச மாட்டாங்கதான், ஏதென்ஸ்லயும் பேசியிருக்க மாட்டாங்க. இதுக்கு ஸ்டிக்கோமிதியான்னு பேரு, கேள்விக்கு ஒரு வரி, பதிலுக்கு ஒரு வரி, வரிக்கு சுமார் 12 அசை. திறந்தவெளி அரங்கு, ஆயிரக்கணக்குல ஜனம், நடிகருக்கு முகமூடி வேற, கண்ணு கலங்குறதோ உதடு நடுங்குறதோ யாருக்கும் தெரியாது, அதனால தயக்கத்தைக்கூட பேச்சுலதான் காட்டியாகணும்.

தயவுசெஞ்சு அந்த சீனை மெதுவா இன்னொரு தடவை படிங்க. அந்தக் காலத்துல தன் கையில வந்த கைக்குழந்தைதான் இப்ப ராஜாவா நிக்கிறான்னு கிழவருக்குத் தெரியும், சொல்லத்தான் மனசில்ல, கையைப் பின்னால முறுக்குங்கடான்னு ராஜா சொன்னப்புறம்தான் வாயே திறக்குறார். பக்கத்துல நிக்கிற கொரிந்து ஊர்த் தூதனைக் காட்டி ராஜா கேக்குறான், 'அந்தக் குழந்தையை இவன்ட்ட குடுத்தியா?' 'குடுத்தேன். அன்னைக்கே நான் செத்திருக்கணும்.' கிரேக்க மூலத்துல இந்த இடத்துல 'ஆமா'ன்னு ஒரு சொல் கிடையாது, ராஜா கேட்ட வினைச்சொல்லையே திருப்பிச் சொல்றார், நாம 'சாப்டியா'ன்னா 'சாப்டேன்'னு சொல்றோமே, அதே மாதிரி. இங்கிலீஷ்ல 'யெஸ்'னு போட்டா அந்த கனம் போயிடுது. 'ஈடிபஸ்' எழுதின சோஃபக்ளீஸோட 'ஆண்டிகனி'லயும் பாருங்க, உன் உடன்பிறந்தவனைப் புதைக்கக் கூடாதுன்னு நான் தடை போட்டது தெரியுமான்னு ராஜா கிரியோன் ஆண்டிகனிட்ட கேக்குறான், 'தெரியும், ஊரறிஞ்ச விஷயமாச்சே'ங்கிறா அவ. கிழவர்ட்ட அந்த வார்த்தையைப் பிடுங்க வேண்டியிருக்கு, அவ தானா எடுத்துக் குடுக்குறா, ரெண்டு பேரும் செய்யுறது ஒண்ணுதான், கேட்ட சொல்லையே தன் சொல்லா ஏத்துக்கிறது.

அப்புறம் அந்த ரெண்டு வரி. 'ஐயோ, சொல்லக் கூடாததைச் சொல்ற இடத்துக்கு வந்துட்டேன்.' 'நானும் காதால கேக்கக் கூடாததைக் கேக்குற இடத்துக்கு. ஆனா கேட்டுத்தான் ஆகணும்.' எத்தனை தடவை படிச்சாலும் இங்க புக்கை மூடி வெச்சிடுவேன். இதுக்கப்புறம் ஆளுக்கு ஒரு வரிங்கிறதும் உடைஞ்சுடுது, ஒரே வரியை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிறாங்க. குழந்தையைக் கிழவர்ட்ட குடுத்தது தன் பொண்டாட்டி ராணி யோகாஸ்டாவான்னு ராஜா கேக்குறான். 'அவளா குடுத்தா?' 'ஆமா ராஜா.' 'எதுக்கு?' 'கொல்லத்தான்.' 'பெத்தவளேவா?' மூச்சு வாங்குறது காதுல விழலையா உங்களுக்கு?

பின்ன ஏன் நீ அந்தக் குழந்தையைத் தூதன்ட்ட குடுத்தேன்னு கடைசியா ஒரு கேள்வி கேக்குறான். பாவமா இருந்துச்சு ராஜாங்கிறார் கிழவர். அதுக்கு மேல ஈடிபஸ் ஒண்ணும் கேக்கல, வெளிச்சத்தைக் கூப்பிட்டு உன்னைக் கடைசியாப் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டு உள்ள போயிடுறான்.