சில்வண்டுக்கு எத்தனை மார்க்?

அன்புள்ள அண்ணா,

நான் சித்தூர்க்காரி, பாலக்காட்டுத் தமிழ். சத்தத்தை வைத்துக் காடு எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆய்வு. வால்பாறையில் தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளில் ஒலிப்பதிவுக் கருவிகளைக் கட்டியிருக்கிறேன். அங்கே பதிவான சத்தத்தை வைத்து, காடு எவ்வளவு உயிரோட்டமாக இருக்கிறது என்று ஒவ்வோர் இடத்துக்கும் கணினி ஒரு எண் தருகிறது. ரோட்டோரத் துண்டுக்கு உள்காட்டைவிட அதிகமாக வந்திருக்கிறது! மூன்று மாதப் பதிவையும் உட்கார்ந்து கேட்க முடியாது. அம்மா வேறு, "பூச்சி சத்தம் கேக்கவா உனக்கு ஸ்டைபண்ட்?" என்கிறாள். நீங்கள் அங்கே வளர்ந்தவர். அந்த எண்ணை நம்பலாமா?

ச.

அன்புள்ள ச.,

என் சந்தேகமெல்லாம் சில்வண்டு மேல்தான். இந்த எண்களில் பெரும்பாலானவை சத்தம் எவ்வளவு இடத்தை நிரப்புகிறது, எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்குமே தவிர, கத்துவது யார் என்று பார்க்காது. மழைக்கு முந்தின மாதங்களில் ஒரே மரத்துச் சில்வண்டுகள் போதும், மொத்தக் கணக்கையும் கவிழ்த்துவிடும். மழையும் ஓடையும்கூட அப்படித்தான். உங்கள் ஜில்லாவில் இருக்கும் சைலன்ட் வேலிக்கு, சில்வண்டே இல்லாததால்தான் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. ஆனால் அங்கே போய் நின்றால் சில்வண்டுச் சத்தத்தில் காது அடைக்கிறது.

எல்லாவற்றையும் கேட்க முடியாது என்பது சரி. நொடிக்கு 48,000 தடவை சத்தத்தை அளக்கும் 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் நாள் முழுக்க ஓடினால் ஒரு கருவியே தினம் 8 ஜிபிக்கு மேல் தள்ளும். அதற்காக ஒன்றையுமே கேட்காமல் விடலாமா? ஒவ்வோர் இடத்திலும் விடியற்காலையில் பத்து நிமிடம், பொழுது சாயும்போது பத்து நிமிடம் எடுத்துக் காதால் கேளுங்கள். பறவையின் பெயரை மென்பொருள் சொல்லும்தான், ஆனால் துடுப்புவால் கரிச்சான் இருக்கிற காட்டில் அதையும் முழுசாக நம்ப முடியாது. நானே ஒருமுறை நோட்டில் மூன்று பாம்புக் கழுகு என்று எழுதி வைத்து, அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் மூன்றும் ஒரே கரிச்சானின் மிமிக்ரி.

எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணுக்குத் தப்புவது காதில் மாட்டும் என்று காட்டியவர், காட்டுச் சத்தங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கரான பெர்னி கிராஸ் (Bernie Krause). கலிபோர்னியாவில் லிங்கன் மெடோ என்ற இடத்தில், சில மரங்களை மட்டும் பொறுக்கி வெட்டினால் பாதிப்பே இருக்காது என்று மரக் கம்பெனி சொன்னதால், 1988இல் வெட்டுவதற்கு முன்பு பதிவு செய்துவிட்டு அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போனார். பார்க்க எல்லாம் பழைய மாதிரியே இருந்தது, ஆனால் பதிவில் ஓடையும் ஒரு மரங்கொத்தியும் தவிர அநேகமாக ஒன்றுமில்லை.

எங்கள் அம்மா கொழுந்து கிள்ளியவள். நாங்கள் இருந்த பாடிக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சோலை. ராத்திரி படுத்திருக்கும்போதே திடீரென்று "யானைடா, கதவைத் திறக்காதே" என்பாள். கிளை ஒடிகிற சத்தம்கூட இருக்காது, எனக்கு ஒன்றுமே கேட்காது. எப்படித் தெரியும் என்று கேட்டால், மேற்கே தவளை நின்னுடுச்சு, கிழக்கே இன்னும் கத்துது என்பாள். கொஞ்ச நேரத்தில் சமையலறைப் பக்கம் தகரம் நெளியும். அந்த நிமிடத்துக்கு உங்கள் கணினி, தவளை குறைந்துவிட்டது என்று மார்க்கையும் குறைத்திருக்கும், யானை வந்து நிற்பது தெரியாமலே.

ஆகவே கருவி கட்டிய இடங்களுக்குப் பக்கத்துப் பாடிகளில் ஒரு சாயங்காலம் போய் உட்காருங்கள். காலைச் சங்கு எத்தனை மணிக்கு, கொழுந்து வெட்டும் மெஷின் எந்தக் கிழமை எந்தத் தேயிலைக் காட்டில் ஓடுகிறது, இதெல்லாம் அவர்களிடம்தான் கிடைக்கும். உங்கள் ரோட்டோர எண்ணில் பாதி மலக்கப்பாறை போகிற வண்டிகளாகவும் இருக்கலாம்.

அப்புறம், அந்த ரோட்டோரப் பதிவில் ஒரு பத்து நிமிடத்தை எனக்கும் அனுப்புங்கள், சில்வண்டா இல்லையா என்று பார்த்துவிடலாம். உங்கள் அம்மாவுக்கு மட்டும் அதைப் போட்டுக் காட்டாதீர்கள். சீகாரப் பூங்குருவி விசிலடிக்கிற விடியற்காலைத் துண்டு ஏதாவது இருந்தால், ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிடுங்கள்.