மண்டபம் ஐஸ் பிளாண்ட்: கிராஃபானா டாஷ்போர்டு காணாமல் போவது பற்றி

வணக்கம் நண்பரே. கரண்ட் போய் வந்ததால் குளிர் அறையின் அளவுகளை வரைபடமாகக் காட்டும் கிராஃபானா டாஷ்போர்டுகள் அழிந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். கரண்ட் போனால் கண்டெய்னர் (டாக்கர் என்ற மென்பொருளில் கிராஃபானா ஓடும் தனிப் பெட்டி) நிற்கும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது அழியாது. அப்புறம் பழைய கண்டெய்னரை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்கினீர்கள் அல்லவா, அங்கேதான் போயிற்று.

கிராஃபானா தன் தரவுத்தளத்தைக் கண்டெய்னருக்குள் வார், லிப், கிராஃபானா (/var/lib/grafana) என்ற பாதையில் வைக்கிறது. அந்தப் பாதைக்கு டாக்கரில் பெயரிட்ட வால்யூம் (கண்டெய்னர் போனாலும் நிலைக்கும் சேமிப்பிடம்) ஒன்றைக் கொடுங்கள். எத்தனை முறை கண்டெய்னரை மாற்றினாலும் டாஷ்போர்டு அழியாமல் இருக்கும். நீங்கள் சாதாரண ஃபோல்டரை இணைத்ததால்தான் 'அனுமதி இல்லை' என்ற பிழை வந்தது: கிராஃபானா 472 என்ற பயனர் எண்ணில் ஓடுகிறது, ஃபோல்டரோ உங்கள் பெயரில் இருக்கிறது. ஃபோல்டர்தான் வேண்டுமென்றால் அதன் உரிமையை 472க்கு மாற்றுங்கள். எல்லோருக்கும் எழுதும் அனுமதியைத் திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து.

கண்டெய்னர் எப்போது மீண்டும் ஓட வேண்டும் என்று சொல்லும் ரீஸ்டார்ட் பாலிசியில் 'அன்லெஸ் ஸ்டாப்டு' (unless-stopped) போட்டால் கரண்ட் வந்து கணினி எழுந்ததும் தானே ஓடும்.

அளவுகளைச் சேகரித்துக் கிராஃபானாவுக்குத் தரும் புரோமிதியஸின் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று போடாதீர்கள். கண்டெய்னருக்குள் அது கிராஃபானாவையே குறிக்கும். கண்டெய்னர்களை விவரிக்கும் கம்போஸ் கோப்பில் புரோமிதியஸுக்கு உள்ள சர்வீஸ் பெயரும் 9090 என்ற போர்ட் எண்ணும் போதும்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. புரோமிதியஸ் இயல்பாக 15 நாள் தரவையே வைத்திருக்கும். மீன்பிடித் தடைக்காலமோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பிளாண்ட் சும்மா இருந்த நாட்களை, விசைப்படகுகள் கடலுக்குப் போன பிறகு வரும் நாட்களோடு ஒப்பிட வேண்டுமானால் அந்த அளவை இப்போதே 120 நாளாக்குங்கள். புரோமிதியஸுக்கும் தனி வால்யூம் கொடுங்கள்.