அறிமுகக் கோப்பான ரீட்மீயிலேயே என் பெயர் இருக்கும்போது, ஆய்வு மென்பொருளில், அதை எப்படி மேற்கோள் காட்டுவது என்று சொல்லும் மேற்கோள் கோப்பு என்று தனியாக எதற்கு?

உங்களைப் போலத்தான் நானும் நான்கு வருடம் இருந்தேன். பேக்கேஜை, அதாவது மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை, எழுதி நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றியாயிற்று, ரீட்மீயில் பெயர் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று. ஒருவரும் பார்க்கவில்லை.

என்னுடையது சென்சார் அளவீடுகளில் இரைச்சலைக் களையும், புள்ளியியல் நிரல் மொழியான ஆரில் எழுதிய சின்ன பேக்கேஜ். ஒரு நாள் அதன் பெயரைத் தேடினேன். மூன்று ஆய்வுக் கட்டுரைகள் அகப்பட்டன. ஒன்றில் பேக்கேஜின் பெயர் மட்டும், இன்னொன்றில் வெறும் இணைய முகவரி. மூன்றாமவர் பாவம், மெனக்கெட்டிருக்கிறார்: என் பெயரைத் தேடிப்பிடித்து, சம்பந்தமே இல்லாத என் பழைய கட்டுரையை மேற்கோள் காட்டியிருந்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு, ஒரு பேக்கேஜை எப்படி மேற்கோள் காட்டுவது என்று சொல்லும் ஆரின் சைட்டேஷன் கட்டளையை என் பேக்கேஜுக்கே ஓட்டிப் பார்த்தேன். எந்த ஆண்டு என்று தெரியவில்லை என ஓர் எச்சரிக்கை. இது பேக்கேஜின் விவரங்கள் இருக்கும் டிஸ்கிரிப்ஷன் கோப்பிலிருந்து தானாக உருவானது, கையால் திருத்த வேண்டியிருக்கலாம் என்று ஒரு குறிப்பு. இனி யாரைத் திட்டுவது?

அரை நாளில் ஆருக்கான சைட்டேஷன் கோப்பு, கிட்ஹப்புக்கான சைட்டேஷன்.சிஎஃப்எஃப் இரண்டையும் எழுதினேன். இரண்டாவது இருந்தால், 2021 முதல் கிட்ஹப்பே பக்கவாட்டில் மேற்கோள் பொத்தான் காட்டுகிறது; மேற்கோளை பிப்டெக்ஸ் என்ற பட்டியல் வடிவில் நகலெடுத்துக்கொள்ளலாம். ஆய்வுக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் தளமான ஜெனோடோவில் டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் வாங்கினேன்.

அங்கேதான் அடுத்த கோட்டை விட்டேன். ஜெனோடோ ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு டிஓஐ தரும், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றும் தரும். நான் 1.0-இன் டிஓஐயைக் கோப்பில் போட்டுவிட்டு மறந்தே போனேன். 1.2-இல், பயன்படுத்துபவர் எதுவும் சொல்லாவிட்டால் இரைச்சல் வடிகட்டி தானாக எடுத்துக்கொள்ளும் அகலத்தை மாற்றியிருந்தேன். அதை ஓட்டிய ஒருவர், கோப்பு சொன்னபடி 1.0 என்றே கட்டுரையில் எழுதிவிட்டார். அவர் முடிவுகளைச் சரிபார்க்க வந்த ஒரு மாணவி 1.0-ஐ நிறுவி, எண்கள் ஒத்துவராமல் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். தப்பு முழுக்க என்னுடையது. இப்போது சிஎஃப்எஃப்பில் பொது டிஓஐதான். அதிலுள்ள பதிப்பு எண் டிஸ்கிரிப்ஷனோடு ஒத்துப்போகாவிட்டால், பேக்கேஜைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட் ஃபெயில் ஆகும்.

பெயராசை என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள். கொஞ்சம் ஆசைதான், போகட்டும். அந்த மாணவியின் இரண்டு வாரத்துக்கும் என் பெயருக்கும் என்ன சம்பந்தம்? பைத்தான்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எனக்குத் தெரிந்தது ஆர்.

இவ்வளவு செய்தும், போன வருடம் என் சொந்தக் கட்டுரையில் நான் பயன்படுத்திய ஆறு பேக்கேஜ்களையும் முறையாகக் குறிப்பிட்டேன். மேற்கோள் எண்ணிக்கை வரம்பைத் தாண்டுகிறது, மென்பொருளையெல்லாம் பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள் என்றது அந்த ஆய்விதழ். பின்னிணைப்பில் இருப்பதைப் பெரும்பாலும் எந்த மேற்கோள் கணக்கும் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு மின்னஞ்சல் சண்டை போட்டு நான்கைக் காப்பாற்றினேன். மற்ற இரண்டையும் எழுதியவர்களிடம் இன்னும் சொல்லவில்லை.